குதிக்கால் நிலத்தில் படவேண்டும்: கணுக்கால் டேப் பற்றி நீங்கள் கேட்டவை

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில், பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளின் கணுக்காலுக்கு டேப், அதாவது தோலில் ஒட்டுகிற இழுபடும் துணிப் பட்டை, ஒட்டி நடை பழக்குவது பற்றி நாலு வரிதான் எழுதியிருந்தேன். கிளினிக்கில் சீ.பீ. என்று சொல்வோமே, மூளையில் பட்ட காயத்தால் உடல் அசைவு பாதிக்கப்படுகிற நிலை, அதைத்தான் சொல்கிறேன். முழங்காவிலில் இருந்து கொக்கிளாய் வரை கடிதங்கள் வந்துவிட்டன. பாதிக் கடிதங்களில் ஒரே கேள்விதான், எழுதியவர்களின் கவலை மட்டும் வேறு வேறு. அதனால் இந்த மாதம் முழுப் பக்கமும் இதற்கே.

கேள்வி: என் மகளுக்கு 5 வயது. 7 மாதத்தில் பிறந்தவள். இரண்டு காலும் இறுக்கம், சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில்தான் நடப்பாள். போன கிளினிக்கில் பிசியோ (இயன்மருத்துவ) மிஸ் கணுக்காலில் நீல டேப் ஒட்டிவிட்டா. அன்று பின்னேரம் அவளுடைய குதிக்கால் நிலத்தில் பட்டதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். நாலாம் நாள் கழற்றினோம், பழையபடி நுனிக்கால். அப்படியென்றால் இதனால் என்ன பயன் மிஸ்?
— ஒரு தாய், விசுவமடு

தங்கச்சி, நீங்கள் அழுததும் சரி, இப்போது கேட்பதும் சரி.

உங்கள் மகளின் காலில் பழுது இல்லை. குறைமாதத்தில் பிறக்கும் பிள்ளைகளின் மூளையில், கால்களுக்குப் போகிற நரம்புப் பாதை இருக்கும் இடம்தான் கூடுதலாகக் காயப்படும். அதனால்தான் கைகள் ஓரளவு தப்பி, இரண்டு காலும் இறுகிப் போயிருக்கின்றன. அந்தக் காயம் வளராது, பரவாது. ஆனால் கெண்டைக்கால் தசைக்கு மேலிருந்து "இளகு" என்று போகவேண்டிய கட்டளை ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை. கொஞ்சம் இழுபட்டாலே அந்தத் தசை திருப்பி இழுக்கும், இழுத்தால் குதிக்கால் மேலே போகும், பிறகு பிள்ளைக்கு நிற்க மிஞ்சுவது நுனிக்கால் மட்டும்தான். பாதத்தை மேலே தூக்குகிற முன்னங்கால் தசையோ இந்த இழுபறியில் தோற்றுத் தோற்றுப் பலமில்லாமல் போய்விடும்.

டேப்பின் ஒரு துண்டு அந்த முன்னங்கால் தசையின் மேலே, முழங்காலுக்குக் கீழே தொடங்கி பாதத்தின் மேற்பக்கம் வரை போகும். இன்னொரு துண்டு குதிக்காலுக்குக் கீழால் போய் கணுக்காலின் இரண்டு பக்கமும் மேலே ஏறும், ஊஞ்சல் பலகையில் குதிக்காலை இருத்தி இரண்டு கயிறு பிடித்ததுபோல. பிள்ளைக்குப் பிள்ளை இது மாறும், பாதம் உள்ளே சரிகிறதா வெளியே சரிகிறதா என்று பார்த்துத்தான் ஒட்டுவோம். நான் ஒரு பிள்ளையை நடத்தும்போது கணுக்காலைக் கையால் பிடித்துக்கொண்டு "குதியை வை, குதியை வை" என்று சொல்லிச் சொல்லி நடத்துவேன். அரை மணித்தியாலத்தில் அடுத்த பிள்ளை வந்துவிடும், என் கையை எடுத்தே ஆகவேண்டும். டேப் நான் போன பிறகும் அங்கே விட்டுவிட்டுப் போகிற கை. பலமில்லாத மெல்லிய கைதான், ஆனால் 3, 4 நாள் பிடித்துக்கொண்டே இருக்கும், "இங்கே பார், இந்தப் பக்கம்" என்று தோலுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அந்தக் கையை எடுத்தால் பிள்ளை பழைய வழிக்குப் போகத்தான் செய்வாள். நான் உங்களிடம் கேட்பது, அந்த நாலு நாளும் மகள் என்ன செய்தாள்? டேப்போடு கதிரையில் இருந்து டிவி பார்த்திருந்தால் டேப்புக்கு வேலையே இருந்திருக்காது. குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. ஒட்டிவிட்டு அனுப்புகிற நாங்கள் பலபேர் இதை வடிவாகச் சொல்லி அனுப்புவதில்லை, அது எங்கள் பக்கத்துப் பிழை.

அடுத்தமுறை இப்படிச் செய்து பாருங்கள். இரண்டு பாதமும் முழுதாக நிலத்தில் படுகிற உயரத்தில் ஒரு பலகைக்கட்டையில் மகளை இருத்துங்கள். முன்னால் இன்னொரு கதிரையில் ஒரு சிரட்டை வையுங்கள். நிலத்தில் கிடக்கிற புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக எடுத்து, எழும்பி, சிரட்டையில் போட்டுவிட்டு மறுபடி இருக்கவேண்டும். எழும்பும்போது முழங்கால் பாதத்துக்கு முன்னால் வரவேண்டும், குதிக்கால் நிலத்தை விடக்கூடாது. ஒரு நேரத்துக்கு 10 கொட்டை, ஒரு நாளைக்கு மூன்று நேரம். அலுத்துப்போனால் கொட்டைக்குப் பதிலாகச் சோகி. பின்னேரம் வெயில் தாழ்ந்ததும் கையைப் பிடித்து குளக்கட்டுச் சரிவில் மெல்ல மேலே ஏற்றுங்கள். ஏறுகிற நிலத்தில் பாதம் தானாக மடங்கிக் கொடுக்கவேண்டி வரும், கெண்டைக்கால் தானாக நீளும். இறங்கும்போது தூக்கிக்கொள்ளுங்கள், இறக்கத்தில் நுனிக்கால் கூடும்.

டேப் வேலை செய்கிறதா என்று பார்க்க உங்கள் முற்றமே போதும். காலையில் முற்றம் கூட்டிய பிறகு ஒரு பட்டைக்குக் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், மண் அடங்கட்டும். மகளை வெறுங்காலோடு கையைப் பிடித்து 10 அடி நடத்துங்கள், பிறகு குனிந்து பாருங்கள். நுனிக்கால் அடி என்றால் விரல்களும் பாதத்தின் முன்பக்கமும் மட்டும் பதிந்து, விரல் நுனியில் மண் சின்னக் குழியாகத் தோண்டியிருக்கும். குதிக்கால் பட்ட அடியில் பின்னால் ஒரு வட்டம் இருக்கும். எத்தனை அடியில் அந்த வட்டம் இருக்கிறது என்று எண்ணி, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் திகதியோடு எழுதுங்கள். ஒட்டுவதற்கு முதல் ஒன்று, ஒட்டிய அடுத்த நாள் ஒன்று, கழற்றி இரண்டு நாள் கழித்து ஒன்று. மூன்றாவது கணக்குத்தான் முக்கியம். ஒட்டியிருக்கும்போது 10க்கு 7 வருவது சந்தோஷம்தான், ஆனால் கழற்றிய பிறகு முன்னர் 1 இருந்த இடத்தில் 2 வந்தால் அதுதான் மகள் தானாகப் படித்தது. ஏழெட்டு வாரம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் அந்த மூன்றாவது கணக்கு அசையவில்லை என்றால், கொப்பியைக் கொண்டுபோய் உங்கள் பிசியோவிடம் காட்டுங்கள். வேறு வழி பார்க்கவேண்டிய நேரம் அது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். சீ.பீ. பிள்ளைகளுக்கு டேப் ஒட்டிப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலும் சிறிய குழுக்களில், சில வாரங்களுக்கு மட்டும் செய்யப்பட்டவை. பயிற்சியோடு சேர்த்து ஒட்டியபோது சமநிலை, இருந்து எழும்புதல் போன்றவை கொஞ்சம் முன்னேறியதாகச் சிலவற்றில் கண்டிருக்கிறார்கள். இறுக்கத்தைக் குணமாக்கும் என்றோ, தனியே டேப்பால் நடை வந்துவிடும் என்றோ யாரும் நிறுவவில்லை. அப்படிச் சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மகனுக்கு 4 வயது, ஒரு பக்கக் கைகாலில் இழுப்பு. டேப்பை உரித்தபோது தோல் சிவந்து சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்துவிட்டன. இப்போது டேப்பைக் கண்டாலே கத்துகிறான். விட்டுவிடலாமா?
— மல்லாவி

கொப்புளம் முழுதாக ஆறும்வரை கட்டாயம் விட்டுவிடுங்கள். காயப்பட்ட தோலில், சிரங்கு உள்ள தோலில் ஒட்டவே கூடாது.

இதில் நானும் ஒருமுறை பிழை விட்டிருக்கிறேன். வேலை தொடங்கிய காலத்தில், பேசத் தெரியாத ஒரு சின்னப் பெண்பிள்ளைக்குச் சோதனைத் துண்டு ஒட்டிப் பார்க்காமல் நேரே கணுக்காலில் ஒட்டி அனுப்பினேன். இரண்டு இரவு அழுதிருக்கிறாள். தாய் வயிற்றுவலி என்று நினைத்து ஓமத்தண்ணி கொடுத்திருக்கிறா. மூன்றாம் நாள் கழற்றியபோது டேப் இருந்த வடிவத்திலேயே தோல் சிவந்து தடித்திருந்தது. அந்தத் தாய் என்னைப் பேசவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அன்றிலிருந்து முதல் தடவை ஒட்டுகிற எந்தப் பிள்ளைக்கும் விரலகலத் துண்டு ஒன்றை மட்டும் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்க்காமல் தொடங்குவதில்லை. உங்கள் பிசியோவிடமும் இதைக் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

கனபேருக்குத் தோல் போவது ஒட்டியதால் வருவதில்லை, உரித்ததால் வருகிறது. பிளாஸ்டர் உரிக்கிறமாதிரி ஒரே இழுவையில் இழுக்கக் கூடாது. குளிக்கவார்க்கும் முன்னர் டேப்பின் மேலே தேங்காய் எண்ணெயைத் தாராளமாகப் பூசி, பத்து நிமிடம் ஊற விடுங்கள். பிறகு மேல் நுனியை விரலால் சுருட்டித் தொடங்குங்கள். மயிர் வளர்கிற பக்கமாக, மேலிருந்து கீழே. ஒரு கையால் டேப்பைத் தோலோடு ஒட்டிய மாதிரியே பின்னால் மடித்து உருட்டிக்கொண்டு போகவேண்டும், மற்றக் கை விரல் அதற்குச் சற்று மேலே இப்போதுதான் விடுபட்ட தோலை அமர்த்திப் பிடித்திருக்கவேண்டும். டேப்பைத் தோலிலிருந்து இழுக்கிறோம் என்று நினைக்காமல், தோலை டேப்பிலிருந்து தள்ளி எடுக்கிறோம் என்று நினையுங்கள். ஒட்டிப் பிடிக்கிற இடத்தில் இன்னும் ஒரு சொட்டு எண்ணெய். ஒரு காலுக்கு ஐந்து நிமிடம் போகும், போகட்டும்.

சோளகக் காலத்தில், வெயிலும் புழுதியும் ஒன்றாக வரும்போது, 5 நாள் விடாதீர்கள். 3 நாள் போதும், பிறகு தோலுக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வு. ஒட்டிய பிறகு ஒரு மணித்தியாலம் ஓடி வியர்க்க விடக்கூடாது, பசை பிடிக்க நேரம் வேண்டும். குளிக்கலாம், துவாயால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். இரவில் திடீரென்று அழுதால், கால் சொறிந்தால், எரியுது என்றால், எந்த நேரமானாலும் கழற்றிவிடுங்கள், கிளினிக் நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மகன் பயந்திருக்கிறான். ஆறியதும் முதலில் அவனுடைய பொம்மைக்கு ஒரு துண்டு ஒட்டச் சொல்லுங்கள், பிறகு உங்கள் கைக்கு. அவனே எண்ணெய் பூசி உங்கள் கையிலிருந்து உருட்டி எடுக்கட்டும். அதற்குப் பிறகும் வேண்டாம் என்றால் வேண்டாம், டேப் இல்லாமலும் செய்யவேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

கேள்வி: கூலி வேலை செய்கிறேன். கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாள் சம்பளம் போகிறது. பாமசியில் வெள்ளைப் பிளாஸ்டர் வாங்கி, யூடியூப் பார்த்து நானே மகனுக்கு ஒட்டினால் என்ன?
— ஒரு தகப்பன், ஒட்டுசுட்டான்

தம்பி, இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். வெள்ளைப் பிளாஸ்டர் வேண்டாம். நீங்களே ஒட்டப் பழகலாம், பழகத்தான் வேண்டும்.

வெள்ளைப் பிளாஸ்டர் இழுபடாது. காலைச் சுற்றிப் போட்டால், கால் கொஞ்சம் வீங்கினாலும் இடம் கொடுக்காது, இரத்த ஓட்டம் தடைப்படும். நாங்களும் இழுபடாத டேப்பைச் சில பிள்ளைகளுக்குப் பாவிக்கிறோம், ஆனால் கீழே தோலுக்கு ஒரு மெல்லிய பஞ்சு டேப் போட்டு, முழுச் சுற்று வராமல், குறைந்த நேரத்துக்கு. நிறநிறமாக வருகிற டேப் வேறு வகை. 1970களில் ஜப்பானில் கென்சோ காசே என்பவர் உருவாக்கியது. 1988 சியோல் ஒலிம்பிக் காலத்தில் வெளியுலகத்துக்குத் தெரியவந்தது, இப்போது கிரிக்கெட் பார்க்கும்போதும் விளையாட்டுக்காரரின் தோளில் காண்பீர்கள். பருத்தித் துணி, இழுபடும், காற்றுப் போகும். அதையும் முழுப் பலத்தோடு இழுத்து ஒட்டினால் தோல் போய்விடும். இரண்டு நுனியையும் இழுக்காமலே படியவைக்கவேண்டும், மூலைகளைக் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டவேண்டும், இல்லாவிட்டால் காலுறையில் மாட்டிக் கழன்று வரும்.

யூடியூப்பில் இருக்கிற கால் உங்கள் மகனின் கால் இல்லை. பாதம் உள்ளே சரிகிற பிள்ளைக்கும் வெளியே சரிகிற பிள்ளைக்கும் டேப் எதிர்ப்பக்கமாக இழுக்கவேண்டும். மாறி ஒட்டினால் சரிவைக் கூட்டிவிடுவோம். அடுத்த கிளினிக்குக்கு உங்கள் போனைக் கொண்டுபோங்கள். பிசியோ உங்கள் மகனுக்கு ஒட்டுவதை வீடியோ எடுக்கக் கேளுங்கள். பிறகு கழற்றிவிட்டு, அவவுக்கு முன்னால் நீங்கள் ஒட்டிக் காட்டுங்கள். இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்து அவ சரி என்றால், அதற்குப் பிறகு வாராவாரம் அலையத் தேவையில்லை, மாதம் ஒருமுறை போய்க் காட்டினால் போதும். தகப்பன்மார் வந்து பழகுகிற வீடுகளில் பிள்ளைகள் கெதியாக முன்னேறுவதை நான் கண்ணால் பார்க்கிறேன்.

எதை ஒட்டினாலும் அரை மணித்தியாலம் கழித்துப் பெருவிரல் நகத்தை அமத்தி விட்டுப் பாருங்கள். வெளுத்த நகம் "ஒன்று, இரண்டு" என்று எண்ணி முடிக்குமுன் சிவப்பாக வரவேண்டும். வரவில்லை, விரல் குளிர்ந்திருக்கிறது, நீலம் பாய்கிறது என்றால் உடனே கழற்றுங்கள்.

கேள்வி: பேரனுக்குப் பிறந்ததில் இருந்து நான்தான் நல்லெண்ணெய் பூசி உருவிவிடுகிறேன். இப்போது டேப் ஒட்ட எண்ணெய் பூசக்கூடாது என்கிறார்கள். இந்தப் பிளாஸ்டரை விட என் எண்ணெய் கூடாதா?
— ஒரு அப்பம்மா, நெடுங்கேணி

அம்மா, உங்கள் கையை யார் கூடாது என்று சொல்வது? சூடு பறக்க உருவிவிட்டால் தசை கொஞ்ச நேரம் இளகும், பிள்ளை நன்றாக நித்திரை கொள்வான், உங்களோடு ஒட்டுவான். எண்ணெய்த் தோலில் டேப் நிற்காது, அவ்வளவுதான் காரணம். கழற்றுகிற நாளை உங்கள் எண்ணெய் நாளாக வைத்துக்கொள்ளுங்கள், டேப்பும் சுகமாகக் கழன்று வரும், ஓய்வு நாளில் நீங்கள் உருவியும் விடலாம். ஒட்டுகிற அன்று சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகக் காயவைத்தால் சரி.

ஒரே ஒரு வேண்டுகோள். உருவும்போது பாதத்தை வெடுக்கென்று மேலே தள்ளாதீர்கள். வேகமாகத் தள்ளினால் அந்தத் தசை இன்னும் கோபமாகத் திருப்பி இழுக்கும். குதிக்காலை உள்ளங்கையில் ஏந்தி, முழங்காலை நீட்டி வைத்து, மெல்ல மெல்ல மேலே கொண்டுபோய், ஒரு தேவாரம் பாடி முடிக்கும் நேரம் அப்படியே பிடித்திருங்கள்.

கேள்வி: என் மகன் 2009 பங்குனியில், இடம்பெயர்ந்து கொண்டிருந்தபோது பதுங்குகுழியில் பிறந்தவன். பிறந்ததும் அழவில்லை. பிறகு முகாம், பிறகு மீள்குடியேற்றம். அவனுக்குப் பயிற்சி என்று ஒன்று கிடைத்தபோது 6 வயது. இப்போது 16. நடக்கமாட்டான், பேச்சுக் குறைவு, எல்லாம் விளங்கும். இரண்டு பாதமும் கீழ்நோக்கி மடங்கி இறுகிவிட்டன. இந்த டேப் அவனுக்கு உதவுமா? சின்னனில் செய்திருந்தால் நடந்திருப்பானா?
— ஒரு தாய், புதுக்குடியிருப்புக்குப் பக்கம்

அக்கா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்திருந்துதான் பதில் எழுதுகிறேன்.

அவனுடைய கணுக்காலுக்கு டேப் உதவாது. எலும்பு வளர்ந்துகொண்டு போக, இறுகிய தசை அதோடு சேர்ந்து நீளாமல் பின்தங்கிவிடும். வருடங்கள் போகப் போக இறுக்கம் என்பது குறுக்கமாகிவிடும். முழங்காலை மடித்து வைத்துக்கொண்டு மெதுவாகத் தள்ளியும் பாதம் நேராக வரவில்லை என்றால் அது குறுக்கம், அந்த நிலையில் ஒரு துணிப் பட்டையால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. சின்னப் பிள்ளை வைத்திருக்கிற மற்றத் தாய்மாரும் இதைக் கவனியுங்கள். மெல்லத் தள்ளும்போது பாதம் நேராக வந்து அதற்கு மேலும் கொஞ்சம் மடங்குகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள், உயரம் திடீரென்று கூடுகிற மாதங்களில் இன்னும் அடிக்கடி பாருங்கள். முன்னர் வந்த தூரம் இப்போது வரவில்லை என்றால் அந்த வாரமே காட்டவேண்டும்.

நடந்திருப்பானா என்று கேட்டீர்கள். சீ.பீ. பிள்ளைகளின் அசைவை 5 நிலைகளாக, 1 லேசானது 5 கடுமையானது என்று, பார்க்கிற ஒரு முறையை 1997இல் கனடாவில் வகுத்தார்கள், உலகம் முழுக்க அதைத்தான் பாவிக்கிறோம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் மகன் 4 அல்லது 5ஆம் நிலை. அந்த நிலையில் உள்ள பிள்ளைகள், எல்லா வசதியும் உள்ள நாட்டில் முதல் நாளிலிருந்து பயிற்சி கிடைத்தாலும், பெரும்பாலும் தனியே நடப்பதில்லை. அவன் நடக்காததற்கு நீங்கள் காரணம் இல்லை அக்கா. பதுங்குகுழியில் பெற்ற பிள்ளையை அத்தனைக்குள்ளாலும் தூக்கிக்கொண்டு வந்து 16 வயதாக்கி வைத்திருக்கிறீர்கள். பாதம் இறுகியதைத் தடுத்திருக்கலாம், கொஞ்சமாவது. அது கிடைக்காமல் போனது அந்தக் காலம் செய்த அநியாயம்.

இப்போது செய்யவேண்டியதைச் சொல்கிறேன். முதலில் இடுப்பு. சீ.பீ. பிள்ளைகளில் ஏறக்குறைய 3 பேரில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு மெல்ல மெல்ல நழுவும், நடக்காத பிள்ளைகளில் அது இன்னும் கூட. உடுப்பு மாற்றும்போது, கால் அகட்டும்போது முகம் சுளிக்கிறானா? ஒரு தொடை மற்றதை விடக் கட்டையாகத் தெரிகிறதா? இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்து எத்தனை வருடம்? எடுக்கவே இல்லை என்றால் அடுத்த கிளினிக்கில் அதை முதலில் கேளுங்கள். இரண்டாவது கதிரை. சக்கர நாற்காலியில் பாதம் தொங்கிக்கொண்டிருந்தால் இன்னும் மடங்கும், பாதப் பலகையை உயர்த்தி, மடங்கிய வடிவத்துக்கே ஏற்றபடி மெத்தை வைத்து இரண்டு பாதமும் பாரம் தாங்கி இருக்கும்படி செய்யவேண்டும். மூன்றாவது, பாதத்துக்கு ஒப்பரேஷன் பற்றி எலும்பு டொக்டரிடம் ஒருமுறை கதைக்கலாம். நடக்க வைப்பதற்காக இல்லை. கட்டிலில் இருந்து கதிரைக்கு மாற்றும்போது ஒரு கணம் காலில் பாரம் போட்டு நிற்க முடியுமானால் உங்கள் முதுகு தப்பும், அவனுக்கும் தன்னைத் தூக்குகிறார்கள் என்ற கூச்சம் குறையும். அவனிடமும் கேளுங்கள், எல்லாம் விளங்கும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாங்குளம் ஆதார வைத்தியசாலையில் 2024இல் மறுவாழ்வுச் சிகிச்சைக்கு என்று தனிப் பிரிவு திறந்திருக்கிறார்கள். உங்கள் கிளினிக் டொக்டரிடம் அங்கே போக ஒரு துண்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் முன்பள்ளிக்கு ஒரு பிள்ளை டேப்போடு வருகிறாள். நாங்கள் என்ன செய்யவேண்டும்?
— ஒரு ஆசிரியை, துணுக்காய்

கேட்டதே பெரிய விஷயம் மிஸ். பாதம் நிலத்தில் முழுதாகப் படுகிற கதிரை கொடுங்கள், படாவிட்டால் கீழே ஒரு பலகை வையுங்கள். பாயில் இருக்கும்போது இரண்டு காலையும் பின்பக்கமாக மடித்து அகட்டி இருந்தால், சம்மணம் போட உதவுங்கள். மணலில் விளையாட விடுங்கள், பிறகு காலைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி ஒற்றிவிடுங்கள். நுனி கொஞ்சம் கிளம்பினால் வெட்டிவிடுங்கள், மறுபடி ஒட்டவேண்டாம். மற்றப் பிள்ளைகள் இது என்ன என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், "குதிக்காலுக்கு உதவி" என்றால் அவர்களுக்குப் போதும்.

கேள்வி: மகளுக்குப் பாதத்தையும் கணுக்காலையும் பிடித்து வைக்கிற பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் செய்து தந்திருக்கிறார்கள். அதுவும் டேப்பும் ஒன்றுதானே? எது நல்லது?
— கிளிநொச்சி

ஸ்பிளின்டுக்குத்தான் பலம் கூட. நடக்கும்போது குதிக்காலை நிலத்துக்குக் கொண்டுவருவதில் ஸ்பிளின்டுக்கு இருக்கிற ஆதாரம் டேப்புக்கு இல்லை. நடக்கவும் பள்ளிக்கூடம் போகவும் அது. ஸ்பிளின்ட் இல்லாமல் தசைக்கு வேலை கொடுக்கிற பயிற்சி நேரத்துக்கு டேப். ஸ்பிளின்ட் செய்யக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிற வாரங்களிலும் டேப் கைகொடுக்கும். ஸ்பிளின்டைக் கழற்றியதும் தோலைப் பாருங்கள், சிவப்பு அரை மணித்தியாலத்தில் போய்விடவேண்டும், போகாத இடத்தில் அது அமத்துகிறது. பிள்ளை வளர வளர அது சின்னதாகிவிடும், போன வருடத்து ஸ்பிளின்டை இந்த வருடமும் திணிக்காதீர்கள். சப்பாத்து ஒரு அளவு கூட வாங்கவேண்டி வரும், உள்ளே இருக்கிற மெத்தையைக் கழற்றினாலும் இடம் வரும். பள்ளிக்கூடத்தில் வெள்ளைச் சப்பாத்து என்று வற்புறுத்தினால் கிளினிக் கொப்பியோடு அதிபரைப் போய்ப் பாருங்கள், நான் அறிந்த அதிபர்மார் இதற்கு மறுப்புச் சொன்னதில்லை.

கேள்வி: வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி, வைகாசிப் பொங்கலுக்கு மகனை வெறுங்காலோடு நடத்திக்கொண்டு போகவேண்டும். டேப்போடு போகலாமா?
— முள்ளியவளை

தாராளமாக. மகன் 6 வயது என்று எழுதியிருக்கிறீர்கள், வெயில் ஏறிய மணலில் நடத்தாமல் விடியவோ பொழுதுபட்ட பிறகோ நடத்துங்கள். பாதத்துக்கு உணர்வு குறைவான பிள்ளைக்குச் சுட்டாலும் தெரியாது. மிச்சத் தூரம் தோளில் வைத்துக்கொண்டு போனாலும் அம்மன் கோபிக்கமாட்டா.

கேள்வி: எனக்கு 10 வயது. என் காலில் பிசியோ மிஸ் எப்போதும் கறுப்பு டேப்தான் ஒட்டுவா. எனக்கு ரோஸ் வேண்டும். நிறம் மாறினால் வேலை செய்யாதா?
— மாங்குளம், இதைக் கொப்பித் தாளில் தானே எழுதி அனுப்பியிருக்கிறா

எல்லா நிறமும் ஒரே டேப்தான் செல்லம், சாயம் மட்டும்தான் வேறு. ரோஸ் வேண்டும் என்று உன் பிசியோ மிஸ்ஸிடம் நீயே கேள். கறுப்பு எப்போதும் இருக்கும், ரோஸ் கெதியாக முடிந்துவிடும், அதனால் போகிற கிளினிக்குக்கு முதல் கிளினிக்கிலேயே சொல்லி எடுத்து வைக்கச் சொல்லிவிடு. சொறிந்தாலும் எரிந்தாலும் அதையும் நீயே சொல்லவேண்டும், சரியா? அது உன்னுடைய கால்.